லிண்டல் மட்டத்தோடு நின்ற வீடு: நுகர்வோர் சட்டக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வீடு கட்டுபவர்களிடமிருந்து. சட்டம் அவர்கள் நினைப்பதைவிடத் தாராளமாகவே இருக்கிறது. கையில் காகிதம்தான் இருப்பதில்லை.

1,200 சதுர அடி வீட்டுக்கு, மெட்டீரியலோடு சேர்த்துச் சதுர அடி 2,000 ரூபாய் என்று பேசினோம். 17 லட்சம் கொடுத்தாயிற்று. லிண்டல் மட்டத்தோடு, அதாவது கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்க்ரீட் வரை வந்து, வேலை நின்றுவிட்டது. கான்ட்ராக்டர் போனை எடுப்பதில்லை. அக்ரிமெண்ட் எதுவும் போடவில்லை. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியுமா? (திண்டுக்கல்)

போகலாம். வாய்ப்பேச்சில் முடிந்த ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். வீடு கட்டித் தருவதை 'சேவை' என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. நீங்கள் கொடுத்தது 50 லட்சத்துக்குள் என்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். 10 முதல் 20 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் 400 ரூபாய். அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம்.

வங்கி வழியாகவும் ஜிபேயிலும் போன பணத்துக்குக் கணக்கு இருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்ததற்கு நோட்டில் கையெழுத்து வாங்கியிருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். அதைச் சாட்சியமாகத் தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழும் இணைக்க வேண்டும்.

வேறு மேஸ்திரியை வைத்து மீதியை முடித்துவிடத்தான் இப்போது மனம் துடிக்கும். முடியுங்கள், ஆனால் அதற்கு முன் ஒரு தகுதியுள்ள இன்ஜினியரை வரச்சொல்லி அளவெடுக்கச் சொல்லுங்கள். எதுவரை வேலை நடந்திருக்கிறது, அதன் மதிப்பு என்ன, எங்கெங்கே குறை என்று தேதியிட்ட படங்களோடு அறிக்கை வேண்டும். மேலே புதுச் செங்கல் ஏறி, பூச்சும் முடிந்துவிட்டால் பழையவர் செய்தது எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நீங்கள் காசு கொடுத்து அழைத்த இன்ஜினியர் உங்களுக்குச் சாதகமாக எழுதிவிட்டார் என்று எதிர்த்தரப்பு சொல்லும். அதனால் நேரில் பார்த்து அறிக்கை தரும் வக்கீலான அட்வகேட் கமிஷனரை நியமிக்கச் சொல்லி ஆணையத்திடமே மனு கொடுப்பது இன்னும் பலம்.

வழக்குப் போடக் கெடு இரண்டு ஆண்டு. 'அடுத்த மாசம் ஆரம்பிச்சிடலாம் சார்' என்ற பதிலிலேயே அது ஓடிவிடும். போலீஸில் ஏமாற்றுப் புகார் கொடுக்கச் சொல்லி நாலு பேர் யோசனை சொல்வார்கள். முதலிலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடியாவிட்டால், 'இது சிவில் விவகாரம்' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மொட்டை மாடியில் தட்டோடுகளை மாற்றினோம். முதல் மழையிலேயே ஒழுகுகிறது. மேஸ்திரி மீது வழக்குப் போடலாமா? (மதுரை)

எப்படிப் பேசினீர்கள் என்பதைப் பொறுத்தது. சாமான் நீங்கள் வாங்கிப் போட்டு, நாள் கூலிக்கு அவரை வைத்து, நீங்கள் நின்று சொல்லச் சொல்ல அவர் செய்திருந்தால் நுகர்வோர் வழக்கு நிற்பது கடினம். முதலாளி-வேலையாள் உறவு இந்தச் சட்டத்துக்குள் வராது. இவ்வளவு சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி, வேலையை அவர் பொறுப்பில் விட்டிருந்தால், சாமான் உங்களுடையது, வேலை மட்டும் அவருடையது என்ற லேபர் கான்ட்ராக்டாகவே இருந்தாலும், போடலாம். கூப்பிட்டுப் பேசிச் சரிசெய்ய வைப்பதே முதல் வழி என்பேன். சில ஆயிரம் ரூபாய்க் கூலிக்காக வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு நடப்பதில் லாபமில்லை.

ஃபிளாட்டில் குடிவந்து மூன்று வருடம். பாத்ரூம் சுவரில் ஓதம், பீமில் விரிசல். 'வாரண்டி ஒரு வருஷம்தான்' என்கிறார் பில்டர். (செங்கல்பட்டு)

அவர் சொல்வது செல்லாது. ரியல் எஸ்டேட் சட்டம், 2016, பிரிவு 14(3)-இன்படி சாவி கொடுத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் நீங்கள் சுட்டிக்காட்டும் கட்டுமானக் குறை, வேலைப்பாட்டுக் குறை, தரக் குறை எல்லாவற்றையும் 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு. போனில் சொன்னது போதாது. எழுத்தில் கேளுங்கள், ஈமெயிலாவது அனுப்புங்கள். மாடுலர் கிச்சனுக்காகவோ ஏசிக்காகவோ நீங்கள் எதையாவது உடைத்திருந்தால் பில்டர் முதலில் அதைத்தான் பிடித்துக்கொள்வார் என்பதையும் மனதில் வையுங்கள்.

புகாரை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்திலும் கொடுக்கலாம், நுகர்வோர் ஆணையத்திலும் கொடுக்கலாம். ஒன்று இருப்பதால் மற்றது அடைபடாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் இம்பீரியா வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் முதல் கேள்வி கேட்ட வாசகருக்கு ரியல் எஸ்டேட் சட்டம் உதவாது: சொந்த மனையில் கான்ட்ராக்டரை வைத்துக் கட்டுவதில் விற்பனையே இல்லையே.

எங்கள் இடத்தை ஜாயின்ட் வென்ச்சருக்குக் கொடுத்தோம். எங்கள் பங்கு வீடுகளை அரைகுறையாக ஒப்படைத்திருக்கிறார். 'நீங்க பார்ட்னர், நுகர்வோர் இல்லை' என்கிறார். (கோவை)

இந்த வாதத்தை உச்ச நீதிமன்றம் 2008-லேயே, ஃபகீர் சந்த் குலாட்டி வழக்கில், தள்ளிவிட்டது. ஒப்பந்தத்துக்கு என்ன பெயர் வைத்திருந்தாலும், நிர்வாகத்திலும் லாப நஷ்டத்திலும் உங்களுக்குப் பங்கில்லாமல், இடத்துக்கு ஈடாக வீடு கட்டித் தருவதாக மட்டும் இருந்தால் நீங்கள் நுகர்வோர்தான். ஒப்பந்தத்தை ஒரு வக்கீலிடம் கொடுத்து அந்தக் கோணத்தில் படிக்கச் சொல்லுங்கள்.

கம்பி, சிமென்ட் தரமானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (தஞ்சாவூர்)

கம்பியில் ஐஎஸ் 1786 தரத்துக்கான ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும். அதோடு வரும் உரிம எண்ணை, முத்திரை தரும் அரசு அமைப்பான பிஐஎஸ்-இன் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் உண்மையா என்று தெரிந்துவிடும். சிமென்ட் மூட்டையில் எந்த வாரம், எந்த வருடம் தயாரானது என்று அச்சிட்டிருப்பார்கள். மூன்று மாதம் தாண்டியிருந்தால் சோதிக்காமல் இறக்காதீர்கள். பில்லை உங்கள் பெயரிலேயே கேளுங்கள். ரூஃப் கான்க்ரீட் போடும் அன்று அதே கலவையில் 15 சென்டிமீட்டர் கியூப் சில வார்த்து, 28-ஆம் நாள் சோதனைக்கு ஏதாவது இன்ஜினியரிங் கல்லூரி ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். 'இதெல்லாம் சின்ன வீட்டுக்கு எதுக்கு சார்' என்று கான்ட்ராக்டர் இழுப்பார். இருக்கட்டும், வார்க்கச் சொல்லுங்கள்.