பின்னங்கள் உள்ள இருபடிச் சமன்பாடு: ஒரு மூலம் ஏன் தள்ளப்படுகிறது?

கேள்வி: பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள், ய/(ய−3) + 2/(ய+3) = 18/(ய²−9) என்ற சமன்பாட்டைத் தீர்த்து 3, −8 என இரண்டு மூலங்களைக் கண்டாள். விடைப்பட்டியலில் −8 மட்டுமே இருக்கிறது. இருபடிச் சமன்பாட்டுக்கு இரண்டு மூலங்கள் வர வேண்டாமா? பின்னத்தைக் கண்டாலே அவள் தடுமாறுகிறாள். எளிய வழி உண்டா?

பதில்: விடைப்பட்டியல் சரியானது. உங்கள் மகளின் செய்முறையிலும் பிழையில்லை. கடைசிப் படி ஒன்றுதான் விடுபட்டிருக்கிறது.

முதலில், எண்கள் மட்டுமே பகுதியில் (பின்னக் கோட்டின் கீழே) இருக்கும் எளிய வகையைப் பார்த்துவிடலாம். ய²/2 − 5ய/6 = 1/3 என்பதில் பகுதிகளின் மீச்சிறு பொது மடங்கு 6 ஆகும். எல்லா உறுப்புகளையும் 6 ஆல் பெருக்கினால் 3ய² − 5ய − 2 = 0 கிடைக்கும்; காரணிப்படுத்தினால் (3ய+1)(ய−2) = 0, எனவே மூலங்கள் 2, −1/3. மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குவது வலப்பக்கத்தில்தான்: இடப்பக்கத்தைப் பெருக்கிவிட்டு 1/3 ஐ அப்படியே விட்டுவிடுகிறார்கள். பின்னங்களை நீக்காமல் நேரடியாகச் சூத்திரத்தில் இட்டாலும் அதே மூலங்கள்தான் வரும். ஆனால் தன்மைகாட்டி (சூத்திரத்தில் வர்க்கமூலக் குறிக்குள் வருவது) 49 என்பதற்குப் பதிலாக 49/36 என்று வந்து, வேலை வீணாக அதிகரிக்கும்.

வர்க்கப் பூர்த்தி முறையிலும் பின்னத்தைத் தவிர்க்கலாம். 3ய² − 5ய = 2 என்பதை, ய² இன் கெழுவின் நான்கு மடங்கான 12 ஆல் பெருக்கி, இருபுறமும் 25 ஐக் கூட்டினால் (6ய−5)² = 49 ஆகிவிடும். இது பழைய இந்தியக் கணித அறிஞர் ஸ்ரீதரர் சொன்ன வழி என்று 12-ஆம் நூற்றாண்டில் மற்றொரு கணித அறிஞரான பாஸ்கரர் எழுதியிருக்கிறார். நம் பள்ளிகளில் இதற்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

உங்கள் மகளின் கணக்கு வேறு வகை; இங்கே பகுதியிலேயே மாறி இருக்கிறது. பகுதி பூச்சியமாகும் 3, −3 ஆகிய இரண்டையும் ‘ய ≠ 3, ய ≠ −3’ என்று முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும். அடுத்து, ய²−9 = (ய−3)(ய+3) என்பதால் மீச்சிறு பொது மடங்கு ய²−9 மட்டுமே. இதைக் கவனிக்காமல் மூன்று பகுதிகளையும் ஒன்றோடொன்று பெருக்கினால் நான்காம் படிச் சமன்பாடு வந்து நிற்கும். ய²−9 ஆல் பெருக்கும்போது ய(ய+3) + 2(ய−3) = 18, அதாவது ய² + 5ய − 24 = 0 கிடைக்கிறது. (ய+8)(ய−3) = 0 என்பதால் இதற்கு −8, 3 என இரண்டு மூலங்கள் உள்ளன என்பது உண்மைதான்; ஆனால் நமக்குக் கொடுக்கப்பட்ட சமன்பாடு இதுவன்று. ய = 3 என்னும் இடத்தில் ய²−9 இன் மதிப்பு பூச்சியம்; பூச்சியத்தால் இருபுறமும் பெருக்கினால் பொய்யான கூற்றும் 0 = 0 என்று மெய்யாகிவிடும். 3 உள்ளே நுழைந்தது அந்த வழியாகத்தான். −8 ஐக் கொடுக்கப்பட்ட சமன்பாட்டில் இட்டுப் பாருங்கள்: 8/11 − 2/5 = 18/55; வலப்பக்கமும் 18/(64−9) = 18/55.

வாழ்க்கைக் கணக்குகளில் ஒரு மூலத்தைத் தள்ளுவதற்குக் காரணம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 240 கி.மீ. தொலைவை ஒரு ரயில் மணிக்கு 20 கி.மீ. கூடுதல் வேகத்தில் சென்றால் ஒரு மணி நேரம் மிச்சமாகும் என்றால், 240/ய − 240/(ய+20) = 1, அதாவது ய² + 20ய − 4800 = 0; மூலங்கள் 60, −80. இங்கே −80 எந்தப் பகுதியையும் பூச்சியமாக்குவதில்லை, சமன்பாட்டையும் முழுமையாக நிறைவு செய்கிறது. வேகம் குறை எண்ணாக இருக்க முடியாது என்பதால் மட்டுமே அதைத் தள்ளுகிறோம். ஆகவே விடைத்தாளில் முன்னதற்கு ‘ய = 3 எனில் பகுதி பூச்சியமாகும், எனவே அது தீர்வன்று’ என்றும், பின்னதற்கு ‘வேகம் குறை எண்ணாகாது’ என்றும் காரணத்தைத் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள்.