பல்கலைக்கழகம் தரும் மேகச் சேமிப்பகத்தில் ஆய்வேட்டுப் பணி முழுவதையும் வைத்திருக்கலாமா?

சென்னையில் முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருப்பதாகவும், பல்கலைக்கழக மின்னஞ்சல் கணக்கோடு கூகுள் டிரைவும் கிடைத்திருப்பதாகவும், களப்பணி ஒலிப்பதிவுகள், குறிப்புகள், ஆய்வேட்டின் இயல்கள் ஆகிய அனைத்தையும் அதிலேயே வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வைத்துக்கொள்ளலாம், வைத்துக்கொள்ள வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் அந்தக் கணக்கு உங்கள் கையில் நிரந்தரமாக இருக்காது என்பதையும், ஒத்திசைவு (சின்க்) வேறு, காப்புப்படி (பேக்கப்) வேறு என்பதையும் முதல் நாளிலிருந்தே கணக்கில் கொண்டு வைக்க வேண்டும். நான் சென்னையில் ஒரு பல்கலைக்கழகத் துறையில் ஆசிரியராக இருந்துகொண்டே துறையின் கணினிப் பொறுப்பையும் கவனித்து வருகிறேன். ஆய்வாளர்கள் என்னிடம் கொண்டுவரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றை மறந்ததால் வந்தவையாகவே இருக்கின்றன.

மேகச் சேமிப்பகம் வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இந்த ஊரே காரணம். 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்துக் கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை வீடுகளுக்குள் புகுந்தபோது, மடிக்கணினியும் அதன் காப்புப்படியாக வைத்திருந்த ஹார்டு டிஸ்க்கும் ஒரே அறையில் இருந்தவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே போயின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் தரைத்தளத்தில் இருந்தவர்களின் நிலையும் அதுதான். ஆகவே உங்கள் ஆய்வின் ஒரு படியாவது இந்த நகரத்துக்கு வெளியே இருந்தாக வேண்டும். அதை நாள்தோறும் நாம் நினைவில் வைத்துச் செய்யாமலே செய்துமுடிப்பது மேகச் சேமிப்பகம்தான்.

அதே மழை நாள்களில் மின்சாரமும் செல்பேசிக் கோபுரமும் சேர்ந்தே படுத்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கூகுள் டிரைவின் கணினிச் செயலியில் கோப்புகளை இணையத்திலேயே வைத்துக்கொண்டு திறக்கும்போது மட்டும் இறக்கித் தரும் முறை ஒன்றும், கணினியிலும் முழுப்படியை வைத்திருக்கும் முறை ஒன்றும் உண்டு. மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. முதல் முறையில் கோப்பின் பெயர் கணினியில் தெரியும். உள்ளடக்கம் அங்கே இராது. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், அதாவது அக்டோபர் நடுவிலேயே, ஆய்வேட்டுக் கோப்புறையை மட்டுமாவது இணையம் இல்லாதபோதும் கிடைக்கும்படி மாற்றிவையுங்கள்.

இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்கக் கூடாது, இணைப்பு வந்ததும் மாற்றங்கள் தாமாகச் சேர வேண்டும் என்ற எண்ணத்துக்குச் சென்னையோடு ஓர் உறவு உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் 1970களில் படித்த மகாதேவ் சத்தியநாராயணன், அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ கோப்பு முறைமையை உருவாக்கிய குழுவில் பணியாற்றி, பின்னர் கோடா என்ற கோப்பு முறைமையை வடிவமைத்தார். மாணவர் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் தம் கோப்புகள் கிடைக்க வேண்டும் என்பதே முன்னதன் நோக்கம். இணைப்பே இல்லாத நேரத்திலும் கணினியில் உள்ள படியில் வேலை செய்துவிட்டுப் பிறகு வழங்கியோடு (சர்வர்) சேர்த்துக்கொள்வதைக் கோடா சாதித்தது. இன்று நாம் பயன்படுத்தும் ஒத்திசைவுக்கு இவை முன்னோடிகள். அவர்கள் அப்போதே எதிர்கொண்ட சிக்கல் ஒன்று இன்றும் அப்படியே இருக்கிறது: இணைப்பு இல்லாத நேரத்தில் இருவர் ஒரே கோப்பைத் திருத்திவிட்டால் எது சரியான படி என்று இயந்திரத்தால் தீர்மானிக்க இயலாது.

உங்கள் நெறியாளர் இரண்டாம் இயலின் வேர்டு கோப்பை வீட்டில் திருத்தும்போது நீங்களும் விடுதியில் அதையே திருத்தினால் நேர்வது இதுவே. டிராப்பாக்ஸ் போன்றவை இரண்டையும் வைத்துக்கொண்டு ஒன்றன் பெயரில் முரண்பட்ட படி என்ற குறிப்பைச் சேர்த்துவிடும். அதைக் கவனியாமல் இன்னொன்றிலேயே எழுதிக்கொண்டு போனால் ஐயாவின் திருத்தங்கள் பயன்படாமல் கிடக்கும். இருவரும் ஒரே நேரத்தில் எழுதுவதாக இருந்தால் கூகுள் டாக்ஸிலோ வேர்டின் இணையப் பதிப்பிலோ எழுதுங்கள். இல்லையென்றால் இயல் யாரிடம் இருக்கிறது என்பதை முறை வைத்துச் சொல்லிக்கொள்ளுங்கள்.

இப்போது காப்புப்படிக்கு வருகிறேன். ஒத்திசைவு நீங்கள் செய்ததை அப்படியே எல்லா இடத்துக்கும் கொண்டுபோகும். அழித்தாலும் அதை உண்மையாகக் கொண்டுபோகும். எங்கள் துறையில் ஓர் ஆய்வாளர் மடிக்கணினியில் இடம் போதவில்லை என்று ஒலிப்பதிவுக் கோப்புறை ஒன்றை நீக்கினார். மேகத்தில் இருக்கிறதே என்ற நம்பிக்கை அவருக்கு. அங்கேயும் அது நீங்கியது விடுமுறை முடிந்து வந்தபோதுதான் தெரிந்தது. கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் கோப்பு 30 நாள் மட்டுமே இருக்கும். அதிலிருந்தும் நீங்கிய பின் பல்கலைக்கழகக் கணக்கின் நிர்வாகி மேலும் 25 நாள்களுக்குள் மீட்டுத் தர முடியும். நிறுவனங்களுக்கான ஒன்டிரைவில் 93 நாள். இந்தக் கெடுக்களைத் தெரிந்து வைத்திருப்பவர் உடனே நிர்வாகியைத் தேடிப் போவார். தெரியாதவர் தாமே முயன்று நாளைக் கடத்துவார். கணினிக்குள் புகுந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நச்சு நிரல்களும் இவ்வாறே பரவும். பூட்டப்பட்ட கோப்பும் ஒரு மாற்றம் என்றே ஒத்திசைவு எடுத்துக்கொள்ளும்.

எனவே வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் வாரம் ஒருமுறை படியெடுத்து, எடுத்ததும் கணினியிலிருந்து கழற்றி, வசிக்கும் இடத்தில் வைக்காமல் துறையிலோ உறவினர் வீட்டிலோ வையுங்கள். கூகுள் டாக்ஸில் எழுதிய இயல்களுக்கு இங்கே தனிக் கவனம் வேண்டும். கணினியின் டிரைவ் கோப்புறையில் அவை கோப்புகளைப் போலத் தோன்றினாலும் உண்மையில் இணைய முகவரியைச் சுட்டும் சிறு குறிப்புகளே; அவற்றை ஹார்டு டிஸ்க்கில் படியெடுத்தால் ஒரு வரிகூட வந்து சேராது. அவற்றை வேர்டு கோப்பாகவோ பி.டி.எஃப். ஆகவோ பதிவிறக்கித்தான் சேமிக்க வேண்டும்.

அடுத்தது இடம். பல்கலைக்கழகங்களுக்கு வரம்பில்லாத சேமிப்பு என்ற காலம் முடிந்துவிட்டது. கூகுள் 2021இல் இந்த மாற்றத்தை அறிவித்து, 2022 ஜூலை முதல் ஒரு கல்வி நிறுவனம் முழுமைக்கும் பொதுவாக 100 டெராபைட் என்று வரையறுத்தது. மைக்ரோசாஃப்டும் பின்னர் அதே வழியில் வந்தது. கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றும் இந்த அளவை 20,000 கணக்குகளுக்குப் பகிர்ந்தால் ஒருவருக்கு 5 ஜிகாபைட்தான் வரும். எந்தப் பல்கலைக்கழகமும் இல்லாமல் ஒருவர் தாமே தொடங்கும் இலவசக் கணக்கில் 15 ஜிகாபைட் கிடைக்கிறது. களப்பணிக் காணொளிகளை வைத்திருப்பவர்கள் தங்கள் கணக்குக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதைத் துறையில் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது. ஆய்வுத் திட்டத்தின் பொதுத் தரவுகளைத் தனியொருவர் கணக்கில் வைக்காமல் பகிர்வு இயக்ககம் (ஷேர்டு டிரைவ்) ஒன்றைத் துறையின் பெயரில் கேட்டு வாங்குங்கள். அங்கே கோப்புகள் நிறுவனத்துக்கு உரியவையாக இருப்பதால், ஒருவர் படித்து முடித்துப் போன பின்னும் அவர் சேர்த்தவை மற்றவர்களுக்குக் கிடைக்கும்.

சிலவற்றை ஒத்திசைவுக் கோப்புறைக்குள் வைக்கவே கூடாது. மேற்கோள்களைத் தொகுக்க ஜோட்டெரோ பயன்படுத்தினால் அதன் தரவுக் கோப்புறை அவற்றுள் முதன்மையானது; அது ஒரு தரவுத்தளம், எழுதிக்கொண்டிருக்கும்போதே பாதியில் படியெடுக்கப்பட்டால் பழுதாகிவிடும் என்று அதை உருவாக்கியவர்களே எச்சரிக்கிறார்கள்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு யாரும் சொல்லித்தராத ஒரு செய்தி இருக்கிறது. ஒருங்குறியில் (யூனிகோடு) ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. லினக்ஸ் வழங்கிகள் இரண்டையும் வெவ்வேறு பெயர்களாகவே கருதும். நெறியாளரிடம் பழைய மேக் கணினியும் உங்களிடம் விண்டோஸும் இருந்தால், ‘கொற்கை’ என்ற பெயரில் இரண்டு கோப்புறைகள் தோன்றிப் பாதிக் கோப்புகள் ஒன்றிலும் மீதி மற்றொன்றிலும் சேர வாய்ப்புண்டு. நீளமும் சிக்கலே. லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட் வரைதான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும், தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று வேண்டும். திருவல்லிக்கேணி என்பதில் எட்டு எழுத்துகள். கணினிக்கு அவை 15 குறிகள், 45 பைட். நேர்காணல் கொடுத்தவர் பெயர், ஊர், தலைப்பு என்று எல்லாவற்றையும் பெயரிலேயே எழுதுபவர்கள் இந்த எல்லையை விரைவில் தொட்டுவிடுவார்கள். அந்தக் கோப்பு மட்டும் மேலேறாமல் நிற்கும். ஆண்டு, மாதம், நாள் என்று எண்களில் தொடங்கி ஒரு சிறு தமிழ்ச் சொல்லோடு பெயரை முடித்து, விரிவான விவரங்களைத் தனி அட்டவணைக் கோப்பில் எழுதிவிடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த குறிப்புகள் இருந்தால் ஒருங்குறிக்கு மாற்றியே ஏற்றுங்கள். இல்லாவிட்டால் தேடலில் தமிழ்ச் சொல் எதைக் கொடுத்தாலும் அவை அகப்படமாட்டா.

நேர்காணல் தந்த மக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் உங்களை நம்பிப் பேசியிருக்கிறார்கள். இணைப்பு வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்ற பகிர்வு வசதியை ஒலிப்பதிவுகளுக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள்; பெயர் குறிப்பிட்டுப் பகிருங்கள், தேவை முடிந்ததும் நீக்குங்கள். ஆதார் நகல்களையும் ஒப்புதல் படிவங்களையும் கிரிப்டோமேட்டர் போன்ற கருவியால் பூட்டிய பிறகே ஏற்றுங்கள். நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டுவிட்டது. ஆனால் அதற்காக மட்டும் இதைச் செய்யச் சொல்லவில்லை, அவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

வணிக நிறுவனங்களை நம்பாமல் பல்கலைக்கழகமே நடத்திக்கொள்ளும் வழியும் இருக்கிறது. 2010இல் தோன்றிய ஓன்கிளவுடு, அதிலிருந்து 2016இல் பிரிந்த நெக்ஸ்ட்கிளவுடு ஆகிய கட்டற்ற மென்பொருள்களைச் சொந்த வழங்கியில் நிறுவலாம். ஜெர்மனியின் வடக்கு ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலத்துப் பல்கலைக்கழகங்கள் ஒன்றுசேர்ந்து அத்தகைய சேவை ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகின்றன. சென்னைப் பல்கலைக்கழகங்களும் அப்படிக் கைகோக்க வேண்டும் என்று நான் மிகவும் விரும்புகிறேன். தனித்தனியே ஒவ்வொரு துறையும் ஒரு மேசைக் கணினியில் நிறுவிக்கொள்வதை மட்டும் ஆதரிக்கமாட்டேன், ஏனெனில் அது மறுபடியும் அதே கட்டடத்தில், அதே மழையில் இருக்கும்.

இறுதியாக, படிப்பு முடியும்போது செய்ய வேண்டியது. இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஆய்வேடு ஏறிவிடும். உங்கள் தரவுகள் அங்கே ஏறமாட்டா. கூகுளின் டேக்அவுட் வசதி உங்கள் டிரைவில் உள்ளவற்றைத் தொகுத்துத் தரும்; நிர்வாகி அனுமதித்திருந்தால் வேறொரு கூகுள் கணக்குக்கு நேரடியாக மாற்றவும் வழி உண்டு. மற்றவர்கள் உங்களோடு பகிர்ந்தவை அந்தத் தொகுப்பில் விடுபடலாம் என்பதால், வேண்டியவற்றை முன்பே உங்கள் டிரைவில் படியெடுத்துக்கொள்ளுங்கள். 10 மெகாபிட் வேகத்தில் 100 ஜிகாபைட் இறங்க இடைவிடாமல் ஏறக்குறைய 22 மணி நேரம் ஆகும்; செல்பேசி ஹாட்ஸ்பாட்டில் முயலாமல் வளாக இணைப்பில் இரவில் செய்யுங்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பித்த வாரத்திலேயே தொடங்கி, வைவாவுக்குள் முடித்துவிடுங்கள். பிறகு பல்கலைக்கழகக் கணக்கிலிருந்து வெளியேறி, வேறொரு கணினியில் ஹார்டு டிஸ்க்கைச் செருகி, இயல்கள் திறக்கின்றனவா, ஒலிப்பதிவுகள் கடைசி வரை ஓடுகின்றனவா என்று பார்த்த பிறகே நோ டியூஸ் படிவத்தில் கையெழுத்து வாங்கப் போங்கள்.