ஒலிவ் எண்ணெய் இல்லாமல் மத்தியதரைக் கடல் உணவுமுறை நமக்குச் சரிவருமா?

“மத்தியதரைக் கடல் நாட்டுக்காரர்களின் சாப்பாடு இதயத்துக்கு நல்லதாமே, மலையகத்தில் இருக்கும் நமக்கு அது கட்டுப்படியாகுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

அப்பாவுக்கு மாரடைப்பு வந்த பிறகு எனக்கும் இதே யோசனைதான். ஹட்டனில் ஒரு சின்னப் போத்தல் ஒலிவ் எண்ணெய் வாங்கிப் போனேன். அம்மா அதில் பருப்பைத் தாளித்து, ஒரு வாய் வைத்துவிட்டு, “இதுக்குத் தாளிக்காமலே விட்டிருக்கலாம்” என்றார். போத்தல் இன்னும் அலுமாரியில்தான் இருக்கிறது.

அப்புறம்தான் ஸ்பெயினில் நடந்த பிரெடிமெட் ஆய்வைப் பற்றி வாசித்தேன். இதய நோய் வரும் ஆபத்துள்ள 7,447 பேர். ஒரு குழுவுக்கு இந்த உணவுமுறையோடு ஒலிவ் எண்ணெய், இன்னொன்றுக்கு அதே உணவுமுறையோடு நாளுக்கு 30 கிராம் பாதாம், வால்நட் போன்றவை. மூன்றாவது குழுவுக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஆலோசனை மட்டும். முதல் இரண்டு குழுக்களிலும் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் எல்லாம் சேர்த்து சுமார் 30 வீதம் குறைவு. இதில் தெளிவாகக் குறைந்தது பக்கவாதம். 2013இல் வந்த கட்டுரையில், ஆட்களைப் பிரித்த விதத்தில் பிழை இருந்ததால் 2018இல் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை. கவனியுங்கள், பாதாம் குழுவுக்கும் கிட்டத்தட்ட அதே பலன். சூட்சுமம் போத்தலில் மட்டும் இல்லை.

மரக்கறி, பயறு, பருப்பு, மீன், தீட்டாத தானியம் நிறைய. இறைச்சியும் இனிப்பும் குறைவு. அவ்வளவுதான் அந்தச் சாப்பாடு. கரட்டும் லீக்ஸும் போஞ்சியும் லொறி லொறியாகக் கொழும்புக்குப் போவது நம் ஊரிலிருந்துதான். நம் தட்டிலோ காலையிலும் கோதுமை மா ரொட்டி, மத்தியானமும் ரொட்டி, உப்புக் கருவாடு, நாலைந்து தரம் சீனி போட்ட தேத்தண்ணி. கீரை ஓரத்தில் ஒரு கரண்டி.

நாங்கள் இரவு ரொட்டியை நிறுத்திக் குரக்கனும் பயறும் ஆக்கினோம். பாதாமுக்குப் பதில் உப்பில்லாத கச்சான், ஒரு கைப்பிடி. தேத்தண்ணியில் சீனியைக் குறைக்க அப்பாவுக்கு இரண்டு மாதச் சண்டை தேவைப்பட்டது. கிளினிக்கில் கொடுத்த மாத்திரை அப்படியே தொடர்கிறது, அதில் கை வைக்கவில்லை. மத்தியதரைக் கடல் நாட்டுக்காரர்கள் சாப்பாட்டோடு வைன் குடிப்பார்களாம். அதைச் சாக்காக வைத்துச் சாராயக் கடைப் பக்கம் போய்விடாதீர்கள்.

நடையும் அந்த வாழ்க்கையில் சேர்ந்ததுதான். கொழுந்தெடுத்த காலத்தில் அம்மா நாள் முழுக்க மலை ஏறி இறங்கியவர். வேலையை விட்டதும் டீவி முன்னால் உட்கார்ந்தது அப்பாதான். இப்போது பின்னேரத்தில் லயத்திலிருந்து கோயில் வரை போய் வருகிறார், சட்டைப் பையில் கச்சானோடு.