புக்கு எழுதினவரை விட அதிகம் தெரிஞ்ச ஆளு உங்க குரூப்ல யாரு?

கேள்வி: அக்கா, நாங்க காவேரிப்பட்டணத்துல 11 பேரு, மாசத்துல ரெண்டாவது ஞாயித்துக்கிழமை ஒரு மாங்கா மண்டி மாடில உக்காந்து புக் படிச்சுப் பேசுறோம். ரெண்டு வருஷமா நாவல் தான், நல்லா தான் போச்சு. இப்ப கதை போதும், நிஜ விஷயம் ஏதாவது படிக்கலாம்னு எல்லாரும் சொல்ல, உலக வரலாறு பத்தி 600 பக்கத்துல ஒரு மொழிபெயர்ப்பு எடுத்தோம். முடிச்சது மூணு பேர். அதுல ஒருத்தர் ரிட்டயர்டு வரலாறு வாத்தியார், அவரு 40 நிமிஷம் பேசினாரு, மத்தவங்க நிப்பட்டு சாப்பிட்டோம். அடுத்த மாசம் வந்தது அஞ்சே பேர். மண்டில கணக்கு எழுதுற அண்ணன் ஒருத்தர் வருவாரு, நாவலுக்காவது தலையாட்டுவாரு, இதுக்கு அதுவும் இல்ல. இப்ப அடுத்த புக்கு என் பொறுப்பாம். நான் தையல் கடை வச்சிருக்கேன், பெரிய படிப்பாளி எல்லாம் இல்ல. எப்படிக்கா தேர்ந்தெடுக்கறது?
வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: தங்கச்சி, முதல்ல அந்த "படிப்பாளி இல்ல"ங்கற வரியை அடிச்சிடு. 600 பக்கத்தை எடுத்தது யாருன்னு நீ எழுதல, ஆனா நிச்சயம் ஒரு படிப்பாளி தான் எடுத்திருப்பாரு, என்ன ஆச்சு பாத்தியா.

எனக்கு இதுல ஒரு கணக்கு இருக்கு, சரியோ தப்போ ஏழெட்டு வருஷமா அதை வச்சு தான் தர்மபுரில எங்க குரூப்புக்கு புக்கு எடுக்கறோம். நாவல்னா எல்லாருக்கும் ஒரே தூரம், அந்தப் பொண்ணு ஏன் வீட்டை விட்டுப் போனானு வாத்தியாரும் பேசலாம் நீயும் பேசலாம். நிஜ விஷயம் எழுதின புக்கு அப்படி இல்ல, அங்க எழுதினவருக்குத் தெரியும் நமக்குத் தெரியாதுன்னு ஆரம்பத்துலயே ஒரு மேடு பள்ளம் வந்துடுது, அப்புறம் யாருக்கு ஏற்கனவே கொஞ்சம் தெரியுமோ அவரு மேட்டுல ஏறி நின்னுக்குவாரு, மத்தவங்க கீழ உக்காந்து நிப்பட்டு தான் சாப்பிடணும். அதனால புக்கை எடுக்கும்போது நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு தான். இந்தப் புக்குல வர்ற ஏதாவது ஒரு விஷயத்துல, எழுதினவரை விட அதிகம் தெரிஞ்ச ஆளு நம்ம குரூப்ல இருக்காரா? அதுவும் பேசாத ஆளுங்கள்ல இருக்காரா? இருந்தா எடு. இல்லேன்னா அது எவ்வளவு பெரிய புக்கா இருந்தாலும் வீட்ல தனியா படிச்சுக்கலாம்.

எப்படி இந்த முடிவுக்கு வந்தேன்னு சொல்றேன். தொ. பரமசிவனோட 'அறியப்படாத தமிழகம்' உனக்குத் தெரிஞ்சிருக்கும், 1997ல வந்தது, அவரு பாளையங்கோட்டைக்காரர், 2020ல இறந்துட்டாரு. சின்னச் சின்னக் கட்டுரைங்க தான், உப்பு, தேங்காய், உரல் உலக்கைன்னு போகும். அதுல 'சோறு விற்றல்'னு ஒண்ணு இருக்கு. சமைச்ச சோத்தைக் காசுக்கு விக்கிறது நம்ம ஜனங்க கிட்ட ரொம்ப காலம் வழக்கமே இல்ல, அது பின்னால வந்ததுன்னு போற கட்டுரை. எங்க குரூப்ல பஸ் ஸ்டாண்டு பக்கம் மெஸ் நடத்துற ஒருத்தர் இருந்தாரு, சம்சாரம் கூட்டிட்டு வர்றாங்களேன்னு வருவாரு, நாலு மாசமா வணக்கம் தவிர வேற வார்த்தை கேட்டதில்ல. அன்னிக்கு அந்தக் கட்டுரையை ஒருத்தர் வாய்விட்டுப் படிச்சு முடிச்சதும் இவரு, "அப்ப நான் பண்றது பாவமாங்க?"ன்னாரு. கோவமா தான் கேட்டாரு. யாருக்கும் என்ன சொல்றதுன்னு தெரியல. அப்புறம் அவரே சொன்னாரு, கடை ஆரம்பிச்சப்ப பென்னாகரத்துல இருந்து அவங்க அம்மா வந்தாங்களாம், கல்லாப்பெட்டி பக்கம் திரும்பிக் கூடப் பாக்கலையாம், போகும்போது முதல் இலைக்கு மட்டும் காசு வாங்காதடான்னு சொல்லிட்டுப் போனாங்களாம், அதனால இன்னிக்கு வரைக்கும் தினமும் மத்தியானம் முதல்ல உக்கார்றவரு யாரா இருந்தாலும் காசு கிடையாது.

உடனே ஜவுளிக்கடைக்காரர் ஒருத்தர் எந்திரிச்சிட்டாரு. அது எப்படிங்க, முதல் வியாபாரமே காசில்லாம போனா போணி என்ன ஆகறது, நாங்க எல்லாம் முதல் ஆளுக்கு கடன் கூட சொல்ல விட மாட்டோமேன்னு. மெஸ்காரர் அசரவே இல்ல. "போணி காலைல டீல ஆயிடுதுங்க. சோத்துக்குப் போணி கிடையாது"ன்னாரு.

ரெண்டு மணி நேரம் ஓடிச்சு அன்னிக்கு. ஒரு அம்மா, அவங்க ஊர்ல களி கேட்டு வந்தா இல்லைன்னு சொல்லக் கூடாது, ஆனா ராகியா கேட்டா அளந்து தான் குடுப்போம்னாங்க, அப்ப ஆக்கினதுக்கு ஒரு சட்டம் ஆக்காததுக்கு ஒரு சட்டமான்னு இன்னொருத்தர் கேக்க, தண்ணியை பாட்டில்ல அடைச்சு விக்கிறதுல வந்து நின்னுச்சு பேச்சு. தொ.ப. சொன்னதுல ஒரு எடத்தை மெஸ்காரர் ஒத்துக்கவே இல்ல. இப்பவும் ஒத்துக்கல. அது தான் எனக்கு வேணும்.

இப்ப நீங்க எடுத்து தடுக்கி விழுந்த அந்த 600 பக்கத்துக்கு வருவோம். பக்கம் ஒரு பிரச்சனையே இல்லைன்னு சொல்ல மாட்டேன், தையல் கடை வச்சிருக்கற உனக்கு தீபாவளி சமயத்துல 60 பக்கமே ஓடாது. ஆனா பெரிய புக்கா இருந்தாலும் துண்டு துண்டா நிக்குமான்னு பாரு. பத்திரிகைல தொடரா வந்த புக்கை நான் கண்ணை மூடிட்டு ஒரு தடவை புரட்டிடுவேன், ஏன்னா வாரா வாரம் படிக்கறவனை இழுத்துப் பிடிக்கணும்னு எழுதினது, ஒவ்வொரு அத்தியாயமும் தனியா நிக்கும். காந்தியோட 'சத்திய சோதனை' அப்படித் தான், 1925ல இருந்து 1929 வரைக்கும் நவஜீவன் பத்திரிகைல தொடரா வந்தது. விலையும் கம்மி, ஆளுக்கொண்ணு வாங்கலாம். அதுல ஒரு தொந்தரவு, எல்லாரும் அதைப் படிச்சிட்டதா நினைச்சிட்டு இருப்பாங்க, பாதிப் பேர் தொட்டிருக்க மாட்டாங்க.

உ.வே.சாமிநாதையரோட 'என் சரித்திரம்' கூட ஆனந்த விகடன்ல 1940ல இருந்து தொடரா வந்தது தான், 122 அத்தியாயம், 1942ல அவரு இறந்துட்டதால முடியாமலே நின்னுடுச்சு. முழுசா எடுத்தா உங்க கூட்டம் மறுபடி அஞ்சு பேராயிடும். ஆனா அதுல ஒரு எடம் இருக்கு, அதை மட்டும் எடுத்துப் படிங்க, அதுவும் அந்த வாத்தியாரையே படிக்கச் சொல்லு. 1880, கும்பகோணம் காலேஜ்ல ஐயர் அப்ப தான் தமிழ் வாத்தியாரா சேர்ந்திருக்காரு. அந்த ஊருக்கு முன்சீபா, அதாவது ஜட்ஜா, சேலம் ராமசாமி முதலியார் வர்றாரு. ஐயர் போய்ப் பாக்கறாரு. என்ன படிச்சிருக்கீங்கன்னு முதலியார் கேக்க, இவரு அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம்னு அடுக்கறாரு, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை கிட்ட பாடம் கேட்ட ஆளாச்சே. முதலியார் இதெல்லாம் படிச்சு என்ன பிரயோசனம்ங்கற மாதிரி ஒரு கேள்வி கேட்டுட்டு, இதுக்கெல்லாம் முன்னாடி இருக்கற பழைய காப்பியம் சிந்தாமணி படிச்சிருக்கீங்களாங்கறாரு. ஐயர் படிச்சதில்ல. புக்கே கண்ணுல பட்டதில்ல. அங்க ஆரம்பிச்சு 1887ல சீவக சிந்தாமணியை அச்சுல கொண்டு வந்தாரு. அப்ப நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேலம் ஜில்லா தானே, ஒரு சேலத்துக்காரர் கேட்ட கேள்வின்னு நாம கொஞ்சம் மீசையை முறுக்கிக்கலாம். இதைப் படிச்சிட்டு, எல்லாம் தெரியும்னு நினைச்சு ஒரு எடத்துல உக்காந்து, ஒண்ணும் தெரியலையேன்னு எந்திரிச்சு வந்த அனுபவம் யாருக்கு இருக்குன்னு கேளு. வாத்தியார் என்ன சொல்றாருன்னு பாரு. நான் அவரைக் குத்திக் காட்டச் சொல்லல, அந்த மாதிரி ஆளுங்களுக்கு நாம யாரும் கேள்வியே கேட்டிருக்க மாட்டோம், அதனால தான் 40 நிமிஷம் பிரசங்கம் பண்றாங்க.

மொழிபெயர்ப்பு எடுக்கறதா இருந்தா ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படி. கடைலயே நின்னு படி, வெக்கப்படாத. மூச்சு முட்டுச்சுன்னா வச்சிட்டு வந்துடு. எவ்வளவோ நல்ல புக்குங்க மொழிபெயர்ப்புல செத்துப் போய் அலமாரில நிக்குது. நல்லா வந்ததும் இருக்கு, 'டோட்டோ-சான்' மாதிரி, ஜப்பான்ல 1981ல வந்தது, ரயில் பெட்டிங்களை வகுப்பறையா வச்சிருந்த ஒரு ஸ்கூல்ல படிச்ச பொண்ணு எழுதினது. அதுல அந்த ஹெட்மாஸ்டர் புள்ளைங்க டிபன் பாக்ஸ்ல கடல்ல இருந்து ஏதாவது, மலைல இருந்து ஏதாவது இருக்கணும்னு சொல்லுவாரு. எங்க குரூப்ல உப்பு கடல் கணக்குன்னு ஒருத்தர், ராகி மேட்டு நிலத்துல வெளையறது அதனால மலை கணக்குன்னு ஒருத்தர், அப்ப களில ரெண்டும் இருக்குன்னு முடிச்சிட்டோம்.

தன்னம்பிக்கை புக்கு வேண்டாம். காலைல நாலு மணிக்கு எந்திரி, இலக்கு வை, இதுக்கு மேல அதுல பேச என்ன இருக்கு. எல்லாரும் ஆமா ஆமான்னு சொல்லிட்டு 20 நிமிஷத்துல செருப்பைத் தேடுவாங்க.

நம்ம ஊரைப் பத்தியே எடுக்கலாமான்னு நீ கேக்கலைன்னாலும் யாராவது கேப்பாங்க. பர்கூர் பக்கம் மயிலாடும்பாறைல தோண்டினதுல இரும்புக்குக் கிடைச்ச காலம் கி.மு. 2172னு 2022ல சட்டசபைலயே அறிவிச்சாங்க, அதாவது 4200 வருஷத்துக்கு முன்னாடி. பெருமையா தான் இருக்கு. ஆனா தொல்லியல் அறிக்கையைத் தூக்கிட்டு வந்து குரூப்ல வச்சீன்னா மண்ணடுக்கு, கார்பன் கணக்குன்னு ரெண்டாவது பக்கத்துலயே பாதிப் பேர் போயிடுவாங்க, மறுபடி வாத்தியார் தான் மேட்டுல ஏறுவாரு. அதை வேற மாதிரி பண்ணு. ஒரு ஞாயித்துக்கிழமை வேன் பிடிச்சு நேரா அங்க போங்க, அறிக்கைல நாலு பக்கம் ஜெராக்ஸ் போதும், கூடவே பட்டறை வேலை தெரிஞ்ச ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போனா இன்னும் நல்லது.

இன்னொண்ணு சொல்லணும், இதை எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சு தான் எழுதறேன். அம்பேத்கரோட 'சாதி ஒழிப்பு' சின்னப் புக்கு, 1936ல லாகூர்ல ஒரு மாநாட்டுக்காக எழுதின பேச்சு, எழுதினதைப் பாத்து பயந்து மாநாட்டையே ரத்து பண்ணிட்டாங்க, அவரே சொந்தமா அச்சடிச்சாரு. என் கணக்குப்படி அதைப் பத்தித் தெரிஞ்சவங்க எல்லா குரூப்லயும் இருப்பாங்க, பேசாத ஆளுங்கள்ல தான் அதிகம் இருப்பாங்க. ஆனா முதல் புக்கா அதை எடுக்காத. நம்ம பக்கம் இந்தப் பேச்சு எப்படிப் போகும்னு உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். நாலஞ்சு மாசம் சோறு, உப்புன்னு பேசி ஒருத்தர் மேல ஒருத்தருக்கு ஒரு பழக்கம் வந்தப்புறம் எடுங்க. எங்க குரூப்ல ஒத்திப் போட்டு ஒத்திப் போட்டு மூணு வருஷம் ஆக்கிட்டோம், அது தப்பு. கடைசில எடுத்த அன்னிக்கு ஒருத்தர் பாதில எந்திரிச்சுப் போனாரு. ரெண்டு மாசம் கழிச்சு வந்தாரு. அன்னிக்கு என்ன நினைச்சாருன்னு யாரும் கேக்கல, கேட்டிருக்கணும்.

சரி, உனக்கு இந்த மாசத்துக்கு என்ன வேணும். ஒரு பேப்பர் எடுத்து 11 பேர் பேரையும் எழுது, பக்கத்துல அவங்க தினமும் கையால என்ன வேலை செய்யறாங்கன்னு எழுது, என்ன படிச்சிருக்காங்கன்னு எழுதாத. தையல், மண்டி, பால், பள்ளிக்கூடம், எதுவோ. அதை வச்சிக்கிட்டு கிருஷ்ணகிரி மாவட்ட மைய நூலகத்துல அரை நாள் உக்காரு. துணி பத்தி எழுதினவருக்கு பட்டன் காஜா பத்தி என்ன தெரியும், நீ இருக்க. சந்தைல துண்டைப் போட்டு விரலைப் பிடிச்சு விலை பேசறதைப் பத்தி எழுதினவருக்கு, அந்த விரலைப் பிடிச்ச தரகர் அளவுக்குத் தெரியுமா.

புக்கு ஒண்ணு முடிவு பண்ணிட்டா அடுத்த கூட்டத்துக்குக் காத்திருக்காம அந்த மண்டி அண்ணன் கிட்ட மட்டும் முன்னாடியே ஒரு அத்தியாயம் குடு. தொ.ப. புக்கு தான் எடுக்கறேன்னா 'தெங்கும் தேங்காயும்' குடு, மாங்கா மண்டில கணக்கு எழுதறவருக்குத் தேங்காயைப் பத்தி ஒண்ணும் தெரியாம இருக்காது, உங்க பக்கம் தென்னந்தோப்புக்குக் குறைச்சலா என்ன. நல்லா இருக்கான்னு கேக்காத, நல்லா இருக்குன்னு சொல்லிட்டு மூடிடுவாரு. "இதுல எது தப்பா எழுதியிருக்காரு பாத்து வைங்கண்ணா"ன்னு சொல்லிட்டு வந்துடு. அவரு அன்னிக்கு என்ன சொன்னாருன்னு எனக்கு எழுது, வாத்தியார் எத்தனை நிமிஷம் பேசினாருன்னும் எழுது.