கண் சிவந்தால் எந்தச் சொட்டு மருந்து?

கே: மகளுக்கு மெட்ராஸ் ஐ. ஜி.ஹெச். ஓ.பி.யில் மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் சொட்டு மட்டும் தந்தார்கள். பக்கத்து வீட்டுப் பையனுக்கோ தனியார் டாக்டர் மூன்று மருந்து எழுதினார். எது சரி? (வில்லியனூர்)

ப: ஒன்றே போதும். அதுகூடப் பலருக்குத் தேவைப்படாது. மெட்ராஸ் ஐ பெரும்பாலும் அடினோ வைரஸால் வருவது. ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. ஒன்றிரண்டு வாரத்தில் தானாக அடங்கும். பிறகு ஏன் எழுதுகிறோம்? கண்ணைப் பார்த்த மாத்திரத்தில் வைரஸா, பாக்டீரியாவா என்று அடித்துச் சொல்வது கடினம். வெறும் கையோடு அனுப்பினால் "டாக்டர் ஒண்ணுமே தரல" என்ற பேச்சு வேறு! மஞ்சளாகச் சீழ் வடிந்து இமை ஒட்டிக்கொண்டால் பாக்டீரியா என்று சந்தேகிக்கலாம். அங்கே சொட்டுக்கு வேலை உண்டு. துண்டு, தலையணையை மட்டும் தனியாக வையுங்கள்.

கே: கரும்புத் தோகை கண்ணில் கீறிவிட்டது. மெடிக்கலில் வாங்கிய சொட்டில் சிவப்பு குறைந்தது, பார்வை மங்குகிறது. (நெல்லிக்குப்பம்)

ப: இதைப் படித்ததும் கிளம்புங்கள். கண் மருத்துவமனைக்கு, இன்றைக்கே. பாட்டிலையும் எடுத்துப் போங்கள். அதில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்றிருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பையும் வலியையும் அமுக்கிவிடும். கருவிழிக்குள் பூஞ்சை தடையில்லாமல் வளரும். தோகை, நெற்கதிர், சவுக்குக் குச்சி பட்ட கண்ணில் ஃபுசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சைகள் புகுவது நம் பக்கத்தில் வழக்கம். புண்ணைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்த பிறகே மருந்து. பூஞ்சைதான் என்றால் 5 சதவீத நேட்டமைசின் என்ற பூஞ்சைக்கொல்லிச் சொட்டு. ஆரம்பத்தில் மணிக்கொரு தடவை, பிறகு வாரக்கணக்கில். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், விலை கூடிய வோரிகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்தைவிட, குறிப்பாக ஃபுசேரியத்துக்கு, இதுவே நன்றாகக் கேட்டது. தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு எதையும் கண்ணில் ஊற்றாதீர்கள்.

கே: அடிக்கடி கண்கட்டி. மாத்திரை வேண்டுமா? (கடலூர் முதுநகர்)

ப: பெரும்பாலும் வேண்டாம். வெதுவெதுப்பான ஒத்தடம், தினம் மூன்று நான்கு முறை. பிதுக்காதீர்கள். திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரை பாருங்கள்.

கே: போன வருஷம் திறந்த சொட்டு மருந்து ஃபிரிட்ஜில் இருக்கிறது. எக்ஸ்பயரி தேதி தாண்டவில்லை. (பாகூர்)

ப: அந்தத் தேதி திறக்காத பாட்டிலுக்கு. திறந்து ஒரு மாதமானால் குப்பைதான்.

கே: பிறந்து ஐந்து நாளான பேரனுக்குக் கண்ணில் சீழ். பாட்டி வைத்தியம் போதுமா? (பண்ருட்டி)

ப: போதாது. பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றும் கொனோரியா, கிளமிடியா என்ற பால்வினைத் தொற்றுகள் காரணமாக இருக்கலாம். கொனோரியா ஓரிரு நாளில் கருவிழியையே துளைத்துவிடும். இதற்குச் சொட்டு மட்டும் பற்றாது. ஊசியோ குடிக்கும் மருந்தோ வேண்டும், தாய்க்கும் தந்தைக்கும் சிகிச்சை உண்டு. விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.