ரீவைல்டிங், அதாவது நிலத்தை மீண்டும் இயற்கையின் போக்குக்குத் திருப்புவது, என்பது மரம் நடுவதா, இல்லை நிலத்தை அப்படியே விட்டுவிடுவதா?

இரண்டும் இல்லை. மரம் நடும்போது எது எங்கே வளர வேண்டும் என்று நாம் தீர்மானிக்கிறோம். ரீவைல்டிங்கில் அந்தத் தீர்மானத்தை வெள்ளத்திடமும் மேயும் விலங்குகளிடமும் விதை பரப்பும் பறவைகளிடமும் திருப்பிக் கொடுக்கிறோம்.

இங்கிலாந்தில் நெப் என்ற பண்ணை, சுமார் 1,400 ஹெக்டேர். கனமான களிமண், விவசாயத்தில் நட்டம். 2000-க்குப் பிறகு உழவைப் படிப்படியாக நிறுத்தி மாடு, குதிரை, மான், பன்றிகளைத் திரியவிட்டார்கள். பன்றிகள் மூக்கால் கிளறிப்போட்ட ஈர மண்ணில் சாலோ என்ற வில்லோ வகைச் செடி தானாக முளைத்தது. பர்ப்பிள் எம்பரர் பட்டாம்பூச்சியின் புழு தின்பது அந்த இலையைத்தான். பட்டாம்பூச்சி பெருகிவிட்டது! யாரும் அதற்குத் திட்டம் போடவில்லை; எனக்கு இந்த முறைமேல் நம்பிக்கை வந்ததே இதனால்தான்.

ஆனால் இயற்கையின் இயக்கங்களில் பாதியை மட்டும் மீட்டால் கொடுமை. நெதர்லாந்தின் ஊஸ்ட்வார்டர்ஸ்பிளாசன் இயற்கைக் காப்பகத்தில் மேயும் விலங்குகள் வேலிக்குள் பெருகின. அவற்றை வேட்டையாடும் விலங்கு இல்லை, வெளியேற வழியும் இல்லை. 2017-18 குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கானவை மடிந்தன. பட்டினியில் தேறாது என்று பெரும்பாலானவற்றைச் சுட்டே கொன்றார்கள்.

ஆகவே நீங்கள் மீட்க நினைக்கும் நிலத்தில் இயற்கையின் எந்த இயக்கம் அறுந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். வடிகால் வெட்டி உலர்த்திய சதுப்பு என்றால், வாய்க்காலை அடைப்பதுதான் முதல் வேலை. அங்கே மரக்கன்று நட்டால் மிச்ச ஈரமும் போய்விடும்.