அந்த மூன்று ஓட்டல்கள்

கேள்வி: அப்பா ஆரம்பித்த காபித்தூள் கடையை ஒன்பது வருடமாக நான் நடத்திவருகிறேன். காலை ஆறு மணிக்குக் கடை திறந்தால் கொட்டை வறுப்பது, அரைப்பது, பாக்கெட் போடுவது, ஓட்டல்களுக்கு அனுப்புவது, பாக்கி வசூல், கணக்கு என்று ராத்திரி ஒன்பது ஆகிவிடுகிறது. ஆன்லைன் விற்பனை, சொந்தமாக ஒரு காபி பார், மசாலாப் பொடி, வெளியூரில் ஃபிரான்சைஸ் என்று மனதில் நிறையத் திட்டங்கள். போன ஆறு மாதத்தில் வாடிக்கை ஓட்டல்களில் மூன்று நின்றுவிட்டன. தொழிலில் அது சகஜம்தான். இந்தத் தினப்படி வேலைகளிலிருந்து விடுபட்டுப் பெரிய விஷயங்களில் கவனத்தைக் குவிப்பது எப்படி?
- பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: நீங்கள் எழுதியது நான்கு பக்கம். இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன். அதில் ஃபிரான்சைஸுக்கு ஒரு பக்கம், காபி பாரில் என்ன நிற நாற்காலி போடலாம் என்பதற்கு ஒரு பத்தி (உண்மையாகத்தான்). மூன்று ஓட்டல்கள் நின்ற சமாசாரத்துக்கு ஒரே ஒரு வரி. ஏன் நிறுத்தினார்கள் என்று போய்க் கேட்டதாக எங்கும் இல்லை. உங்கள் தூளின் ருசியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

கோபப்பட வேண்டாம், இன்னும் கொஞ்சம் சொல்கிறேன்.

பச்சைக் கொட்டையை வறுத்தால் எடை குறையும் என்பது உங்களுக்குத் தெரியும். 100 கிலோ போட்டால், வறுவலைப் பொறுத்து 80 முதல் 85 கிலோ வரை திரும்பி வரும். போடும்போதும் எடுக்கும்போதும் நிறுத்து, நோட்டில் எழுதுகிறீர்களா? இடையில் இருக்கும் அந்த ஐந்து கிலோ சின்ன விஷயமில்லை. கொட்டை கூடுதலாகக் கருகினால் எடையும் போயிற்று, டிகாஷனும் கசக்கும். வறுவல் குறைந்தால் எடை நிற்கும், ஆனால் புளிப்பு தட்டும். ஓட்டல் மாஸ்டர் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார். ஆக, ரோஸ்டர் பக்கத்தில் நிற்கும் ஆள்தான் உங்கள் லாபத்தையும் ருசியையும் தினமும் தீர்மானிக்கிறார். கொட்டை படபடவென்று வெடிக்கும் நேரத்தில் நீங்கள் செல்போனில் ஃபிரான்சைஸ் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தால், முதலாளி அவர்தான்.

சிக்கரி இன்னொன்று. காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, கலவை விகிதத்தைப் பாக்கெட்டில் போட வேண்டும் என்பது சட்டம். அதற்குள் உங்கள் கடைக்கென்று ஒரு விகிதம் இருக்கும். அது தினமும் தராசில் அளக்கப்படுகிறதா, இல்லை கை அளவா? சிக்கரி ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மூட்டையைச் சரியாகக் கட்டாமல் விட்டால் தூள் கட்டி தட்டும். இதையெல்லாம் கும்பகோணத்திலேயே பார்க்க நேரமில்லாதவர், வெளியூரில் எப்படிப் பார்ப்பார்?

சரி, பெரிதாகவே யோசிக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாக யோசியுங்கள். அருண் ஐஸ்கிரீம் சந்திரமோகன் 1970-ல் ராயபுரத்தில் தொடங்கியபோது முதலீடு வெறும் 13,000 ரூபாய். சென்னைக் கடைகளில் பெரிய கம்பெனிகள் உட்கார்ந்திருந்தன. அவர் கல்லூரி விடுதிகளையும், கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்பவர்களையும் தேடிப் போனார். அப்புறம், பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்க்காத சிறு நகரங்களைப் பிடித்தார். பாக்கெட் பாலுக்கு அவர் வந்தது 1990-களில்தான். எண்ணிப் பாருங்கள், இருபது வருடத்துக்கு மேல் ஐஸ்கிரீம். அந்த இருபது வருடத்தில் அவருக்கு வேறு யோசனையே தோன்றியிருக்காது என்றா நினைக்கிறீர்கள்?

ஐஸ்கிரீம் தொழிலில் தினப்படி வேலை என்றால் முக்கியமாக ஒன்றுதான்: குளிர் விட்டுப்போகாமல் காப்பது. ஒரு தடவை இளகி மறுபடி உறைந்தால் நாக்கில் மணல் மாதிரி ஐஸ் நெருடும். கரன்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரி ஃபிரீசரை அணைத்துவிட்டுப் போகும் ஒரு கடைக்காரர் போதும். வாங்கித் தின்றவர் கடைக்காரரையா திட்டுவார்? டப்பாவின் மேலிருக்கும் பெயரைத்தான் திட்டுவார். ஒவ்வொரு ஊரிலும், ஒவ்வொரு கடையிலும், ஒவ்வொரு நாளும் அந்தக் குளிரைக் கவனிப்பதைப் போலச் சலிப்பான வேலை கிடையாது. அதைச் செய்யாமல் ஐஸ்கிரீமைச் சிறு நகரங்களுக்குக் கொண்டுபோயிருக்கவும் முடியாது.

என் கதையும் ஒன்று உண்டு, சிரித்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் தீபாவளி மலருக்குப் பெரிய பெரிய திட்டங்கள் போட்டேன். அந்த மும்முரத்தில், கடைசி புரூஃப் பார்க்கும் வேலையை ‘தினமும் செய்வதுதானே’ என்று இன்னொருவர் தலையில் கட்டினேன். மலர் பளபளவென்று வந்தது. ஒரு தொடர்கதையின் பதினோராம் அத்தியாயம் இரண்டு தடவை அச்சாகியிருந்தது, பன்னிரண்டாவதைக் காணோம். மலரின் அட்டைப்படத்தைப் பாராட்டி வந்த கடிதங்கள் மூன்று. பன்னிரண்டாம் அத்தியாயம் எங்கே என்று கேட்டு வந்தவற்றை எண்ணவில்லை.

எல்லா வேலையையும் நீங்களே சுமக்க வேண்டும் என்று சொல்லவரவில்லை. பேங்குக்குப் போவது, கரன்ட் பில் கட்டுவது, பாக்கெட் ஒட்டுவது, பில் போடுவது, இதற்கெல்லாம் ஒரு ஆளை வையுங்கள். ஆறு மணிக்குக் கடையையும் அவரே திறக்கட்டும். வறுவல், கலவை, பாக்கி, இந்த மூன்றையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். பாக்கியை ஏன் சேர்த்தேன் என்றால், வசூலுக்குப் போகும்போதுதான் ஓட்டல்காரர் மனதில் இருப்பதைச் சொல்வார். பையனை அனுப்பினால் ‘அடுத்த வாரம்’ என்பதோடு முடிந்துவிடும்.

நான்கு திட்டங்களில் மூன்றைத் தூக்கிப் போடுங்கள். எந்த மூன்று என்று இப்போது யோசிக்க வேண்டாம். ஒரு மாதம் எடையை எழுதிப் பார்த்தாலே தெரிந்துவிடும். மசாலாப் பொடியை மட்டும் இப்போதே தூக்கிப் போட்டுவிடுங்கள். ஒரே அறையில் மிளகாய் அரைத்தால் என்ன ஆகும் என்று காபிக்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா?

நேற்று வறுத்ததில் ஒரு கைப்பிடியை வெள்ளைத் தட்டில் வைத்து, இன்றைய வறுவலை அதன் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். பார்த்துவிட்டு டிகாஷன் இறக்கிக் குடியுங்கள். அப்புறம் சட்டையை மாற்றிக்கொண்டு அந்த மூன்று ஓட்டல்களுக்கும் கிளம்புங்கள். வியாபாரம் பேச வேண்டாம். ஓட்டலுக்கொரு காபி சொல்லி, காசு கொடுத்துக் குடியுங்கள். யாருடைய தூள் என்று மாஸ்டரிடம் கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தைச் சுருக்காமல் போடுகிறேன்.